பஸ்ஸர் ஒயர்

கோகிலவாணி லேப்டாப்பை ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் லேப்டாப் ரிப்பேர் கடையின் வாசல் முதல் மேசை வரை சொட்டியிருந்தது.

“என்னங்க்கா இது, பச்சக் கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தாப்பல?” என்றான் கடைக்காரன் அர்த்தநாரி.

“கொதிக்குது தம்பி. தொட்டுப் பாரு. எங்கூட்டுக்காரரு லாரியில போன காலத்துல டீசல் பம்புக்கு ஈரச்சாக்கு சுத்துவாரு. கம்முனு ஓடும்.”

“பம்புக்குச் சரி. இதுக்குள்ள ஒரு சொட்டு எறங்குச்சுன்னா கம்முனு செத்துரும்.”

“திட்டறத அப்பறம் திட்டு. இன்னைக்கு நாலு மணிக்கு எனக்கு ஷிப்டு. அதுக்குள்ள இந்த மந்தத்த எடுத்துக் குடு.”

அவன் துண்டை உருவி வாளியில் போட்டான். லேப்டாப் மூடியில் தீ கக்கும் டிராகன் ஒன்று. அதன் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அடிப்பக்கம் கை வைக்க முடியவில்லை.

மே மாதம். கத்திரி தொடங்கி எட்டாம் நாள். பகல் ஒரு மணி. பக்கத்துப் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, பாதி முடிந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள்.

நாமக்கல்லில் டிரைவர்கள் லாரியில் ஏறுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. வண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும். ஓட்டுகிறவர் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்திருப்பார். விளையாட்டுக்காரர்கள் வாங்கும் ஸ்டீயரிங் ஒன்று, காலுக்கு மூன்று பெடல், முன்னால் ஒரு கேமிங் லேப்டாப். வண்டி தானாக ஓடச் சட்டம் அனுமதிக்கவில்லை. தானாக ஓரங்கட்டி நிற்க மட்டும் அனுமதி உண்டு. ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை.

கம்பெனி லாரி கொடுத்தது, புரோகிராம் கொடுத்தது, லேப்டாப் கொடுக்கவில்லை. கல்லூரிப் பையன்கள் துப்பாக்கிச் சண்டை விளையாடி அலுத்து விற்ற பழைய மெஷின்கள்தான் ஊருக்குள் வந்தன. கூடவே வேறொன்றும் நடந்தது. வாரக்கணக்கில் வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை என்றதும் பெண்கள் ஓட்ட வந்தார்கள். கோகிலவாணியின் கணவர் முதுகெலும்பு தேய்ந்து உட்கார்ந்தபோது அவருடைய பாதையை அவள் எடுத்துக்கொண்டாள். போகும்போது ஜவ்வரிசி, வரும்போது மக்காச்சோளம். நாக்பூரை இதுவரை நேரில் பார்த்ததில்லை. அதன் ஒவ்வொரு வேகத்தடையும் தெரியும்.

அர்த்தநாரி அடிமூடியைக் கழற்றினான். மின்விசிறி இறக்கைகளில் மாவு மாதிரி மஞ்சள் தூள் அப்பியிருந்தது. நடுவே ஒரு சிறிய வெள்ளை இறகு.

“கோழிப்பண்ணை ஜன்னல் பக்கம் வச்சு ஓட்டறீங்களா?”

“எங்கூட்ல பண்ணையப் பாக்காத ஜன்னலே இல்ல.”

தூளை ஊதினான். புராசஸர் மேலிருந்த பழைய பசையைச் சுரண்டினான். கருங்கல்லாகக் காய்ந்திருந்தது. துடைத்து, புதுப் பசை வைத்து, மூடி, ஓடவிட்டான். சூடு எட்டு டிகிரி இறங்கியது. கோகிலவாணி மூச்சு விட்டாள்.

நான்காம் நிமிடம் புராசஸரின் வேகம் பாதியானது. ஐந்தாம் நிமிடம் கால்வாசி. திரையின் மூலையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

திரையில் வேகத்தைக் காட்டும் கோட்டை அவன் மறுபடி பார்த்தான். வேகம் விழுந்திருக்கிறது. எச்சரிக்கை இல்லை.

“சரியாப் போச்சா?” என்றாள்.

“சித்த இருங்க்கா.”

நேற்றைய பதிவைத் திறந்தான். காலை முழுக்க புராசஸரின் வேகம் ஒரே கோடாக ஓடியிருந்தது. பகல் இரண்டிலிருந்து கோடு பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகியிருந்தது. இங்கே நான்கு விநாடி, அங்கே ஆறு விநாடி. ஒரு இடத்தில் பதினொன்று. விரலால் அதைத் தொட்டுப் பெரிதாக்கினான்.

“மூணு பதினாலா?” என்றாள் கோகிலவாணி. அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிங்க்கா தெரியும்?”

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“ஸ்டீயரிங் ஒரு துள்ளு துள்ளுச்சு தம்பி. அதுக்கு முன்னால பம்பர் சென்சார் ஒரே ஒரு தடவ கத்துச்சு. பாத்தா ரோடு காலி. சுத்தமாக் காலி. திரைக் கண்ணாடியில பின்னாடி பாத்தன், ஒண்ணுமில்ல. குழின்னு நெனச்சுக்கிட்டன். ஆனா அந்த ரோட்டுல அந்த எடத்துல குழி கெடையாது. எனக்குத் தெரியும்.”

“கம்பெனிக்குச் சொன்னீங்களா?”

“என்னன்னு சொல்ல? நைட்டு வண்டி யார்டுக்குப் போனதும் வாட்ச்மேனக் கூப்பிட்டன். பம்பர ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னன். வாட்டர் வாஷ் முடிஞ்சுருச்சு மேடம்னு சொல்லிட்டான்.” கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். “ஒரு வாய் சோறு எறங்கல தம்பி. குழிதான? நீ படிச்சவன், சொல்லு.”

இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமல்ல என்று அர்த்தநாரிக்குத் தெரிந்துவிட்டது.

அவன் அப்பா லாரி எலக்ட்ரீஷியன். அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக்குக்குக் காற்று குறைந்தால் கேபினில் பஸ்ஸர் ஒன்று கத்தும். குறையாவிட்டாலும் கத்தும். டிரைவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அப்பா டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரைப் பிடுங்கிவிடுவார். இரண்டு நிமிட வேலை. ஊரில் எல்லாப் பட்டறையிலும் நடந்ததுதான். யாரும் அதை வேலையாகக்கூட நினைத்ததில்லை.

போன தையில் டிரைவர்கள் அர்த்தநாரியிடம் வந்தார்கள். லேப்டாப் சூடானால் அதன் போர்டு புராசஸருக்கு ‘மெதுவாகப் போ’ என்று சிக்னல் கொடுக்கும். கம்பெனி புரோகிராம் அந்தச் சிக்னலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். வந்தால் உடனே லாரியைத் தானாக ஓரங்கட்டி நிறுத்திவிடும். ஒருமுறை நின்றால் டிரைவர் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி. வருடத்தில் மூன்று புள்ளி விழுந்தால் சீட் போய்விடும். வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு அது. பழைய மெஷின்கள் சூட்டுக்கு மட்டுமல்ல, மாற்றுச் சார்ஜர் போட்டாலே அந்தச் சிக்னலைக் கொடுத்தன. ஏதாவது செய் தம்பி என்றார்கள். அவன் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி அந்தச் சிக்னலை அடைத்தான். அதற்கு ‘பஸ்ஸர் ஒயர்’ என்று பேர் வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் மனைவி மைதிலி இறந்து அப்போது ஆறு வாரம். யார் எதைக் கேட்டாலும் செய்துகொடுத்தான். இதைச் செய்யலாமா என்று யோசிக்கிற வேலை அந்த வீட்டில் அவளுடையதாக இருந்தது.

நூற்று நாற்பத்து மூன்று மெஷின்கள்.

“அக்கா, நீங்க திரையில பாக்கறது ரோடு இல்ல. அது தெரியுமில்ல?”

“ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அங்கிருந்து படம் இங்க வர அரை விநாடி ஆகுமாம். அதனால அரை விநாடி கழிச்சு ரோடு எப்படி இருக்கும்னு லேப்டாப்பே கணக்குப் போட்டு வரைஞ்சு காட்டும்.”

“அதேதான். அதுக்குத்தான் இவ்வளவு பெரிய மெஷின். இப்ப புராசஸர் மெதுவாயிருச்சுன்னு வைங்க. முழுசா வரைய நேரம் பத்தாது. எதையாவது விடணும். மொதல்ல எத விடும்னு நெனக்கறீங்க?”

“மரத்தயா?”

“மரம் நின்ன எடத்துல நிக்குது. அத வரையறது சுலபம். ரோடும் சுலபம். அசையறதுதான் கஷ்டம். ஒரு ஆளு அடுத்த அரை விநாடியில எங்க இருப்பான்னு கண்டுபிடிக்கறதுக்குத்தான் பாதி சக்தி போகுது.”

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

“ஆள விட்டுருமா?”

“விட்டுட்டு அந்த எடத்துல ரோடப் போட்டுரும்.”

“அப்படி ஆச்சுன்னா வண்டி ஓரங்கட்டோணுமே.”

“சிக்னல் வந்தா கட்டும். சிக்னல நான் அடைச்சு வச்சுருக்கறன்.” தன் குரல் ஏதோ அறிக்கையை வாசிப்பதுபோல இருப்பதைக் கேட்டான். “தையில சூடு இல்ல, சும்மா வந்த சிக்னல்தான். அடைச்சதும் நல்லா ஓடுச்சு. இப்பக் கத்திரி. கரண்ட் குடுக்கற பாகம் தாங்க முடியாம அதுவா கொறைச்சுக்குது. புராசஸர் படுத்துருது. படுத்துருச்சுன்னு சொல்லத்தான் யாருமில்ல.”

கோகிலவாணி மெதுவாகக் கேட்டாள்.

“நெசப் படம் எங்கயாவது இருக்குமா?”

இருந்தது. வழக்கு வந்தால் காட்டுவதற்காக, லாரிக் கேமரா அனுப்பிய அசல் படம் ஒரு நாளைக்கு மட்டும் லேப்டாப்பில் தங்கும். அடுத்த ஷிப்டு தொடங்கினால் அதன் மேலேயே புதியது எழுதப்படும். நாலு மணிக்கு அவள் ஓட்ட உட்கார்ந்தால் மூன்று பதினாலு அழிந்துவிடும். இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது.

“அழிஞ்சா அழிஞ்சதுதான?” என்றாள்.

“ஆமாங்க்கா.”

கடையின் கூரை மின்விசிறி நின்றது. மின்வெட்டு. இரண்டு மணி. கோடை முழுக்க இரண்டிலிருந்து நாலு வரை இப்படித்தான். ஊர் முழுக்க உள்ளறைகளில் இப்போது ஏசி நின்றிருக்கும். இன்வெர்ட்டரில் லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அர்த்தநாரிக்கு முதுகில் வேர்வை வழிந்தது.

“போடு,” என்றாள் கோகிலவாணி.

திரையை இரண்டாகப் பிரித்தான். இடப்பக்கம் அவள் நேற்றுப் பார்த்த படம். வலப்பக்கம் கேமரா பார்த்தது. இரண்டிலும் நடுத்திட்டில் அரளி பூத்திருந்தது. இரண்டிலும் வெயில். மூன்று பதினான்கு, ஐந்தாம் விநாடி. ஒவ்வொரு படமாக நகர்த்தினான்.

இடப்பக்கம் காலிச் சாலை.

வலப்பக்கம் நடுத்திட்டை ஒட்டி ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று நீண்டது. குழாயின் முனையில் ஒரு பெண். ஆரஞ்சுச் சட்டை, தலையில் முக்காடு. அரளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கோகிலவாணியின் லாரிக்கு முதுகு காட்டியபடி பின்னால் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சாலைக்குள்.

கோகிலவாணியின் கை அவன் தோளைப் பிடித்தது.

“எந்த ஸ்பீடு?” என்றாள்.

“அறுபத்து ரெண்டு.”

அடுத்த படம். பெண் இன்னும் ஒரு அடி பின்னால். அடுத்தது. அடுத்தது. இடப்பக்கம் அரளி அழகாக ஆடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் முக்காடு திரும்பத் தொடங்கியது. கன்னம் தெரிந்தது. ஒரு மூக்குத்தி. பிறகு படத்தின் அடிவிளிம்பில் ஆரஞ்சு நிறம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

“அய்யோ,” என்றாள் கோகிலவாணி.

அவன் விரல் பொத்தானில் நின்றுவிட்டது. இன்னும் படங்கள் இருந்தன. முன் கேமராவில் இனி ஒன்றும் தெரியாது. பின் கேமரா ஒன்று உண்டு. அதைத் திறந்தான். மூன்று பதினான்கு, ஒன்பதாம் விநாடி. லாரியின் பின்னால் சாலை விரிந்தது. நடுவில் குழாய் பாம்பு மாதிரி குறுக்கே கிடந்தது. நசுங்கிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. அரளிச் செடிகளுக்குள் ஆரஞ்சு.

நகர்த்தினான். ஆரஞ்சு அசையவில்லை.

நகர்த்தினான். ஒரு கை செடியைப் பிடித்தது. நகர்த்தினான். எழுந்தாள். முக்காடு கழுத்தில் கிடந்தது. லாரியைப் பார்த்துக் கையை ஓங்கினாள். வாய் திறந்திருந்தது. பிறகு குனிந்து குழாயை எடுத்தாள்.

“பைப்பு,” என்றாள் கோகிலவாணி. “பைப்பு மேலதான் ஏறியிருக்குது. பைப்பு தம்பி!” சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வாளியிலிருந்த ஈரத்துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். “எப்படித் திட்டறா பாரு. நல்லாத் திட்டு சாமி. நூறு வருஷம் இருந்து திட்டு.”

அவன் எழுந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தான். அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் பழையபடி ஆனது. மணி பார்த்தாள்.

“தூசியெல்லாம் எடுத்துட்ட. இன்னொரு ஃபேன் கீழ வச்சு ஓட்டிக்கறன். நீ அந்த ஒயர மட்டும் இருக்கறபடி விட்டுரு.”

“அக்கா?”

“எனக்கு ரெண்டு புள்ளி விழுந்துருச்சு. இன்னும் ஒண்ணுதான். இந்த வெயில்ல ஒயரக் குடுத்தீன்னா முதல் மணி நேரத்துலயே ஓரங்கட்டிரும்.”

“இப்பத்தான பாத்தீங்க.”

“பாத்தன். ஆருக்கும் ஒண்ணும் ஆகல.” கண்ணைத் திருப்பிக்கொண்டாள். “இனிமே நான் பாத்து ஓட்டிக்கறன்.”

“எதப் பாத்துங்க்கா?”

அவள் லேப்டாப்பின் மூடியைச் சாத்தி, இரண்டு கையாலும் டிராகன் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அர்த்தநாரி இன்வெர்ட்டரில் ஓடிய தன் மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்தான். சர்வீஸுக்காக எல்லா மெஷினையும் கடையிலிருந்தே தொடுகிற வசதி வைத்திருந்தான். நூற்று நாற்பத்து மூன்று பேர்கள். பச்சைப் புள்ளி இருந்தால் அந்த மெஷின் இப்போது வண்டி ஓட்டுகிறது என்று அர்த்தம். தொண்ணூற்றாறு பச்சை.

“என்ன பண்ணப் போற?” என்றாள்.

“ஒயரத் திருப்பிக் குடுக்கப் போறன்.”

“எல்லாத்துக்குமா? கிறுக்குப் புடிச்சிருச்சா? அதுல எத்தன பேருக்கு இது மூணாவது புள்ளின்னு தெரியுமா? சங்கத்துல இருந்து வந்து கடைய ஒடைப்பாங்க. உன்னயும் ஒடைப்பாங்க.”

“சரிங்க்கா.”

“என்ன சரி? கம்முனு எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டற. மொதல்ல போனப் போடு. விஷயத்தச் சொல்லு. அவங்கவங்களே நிறுத்திக்கட்டும்.”

அது நியாயமாகப் பட்டது. பட்டியலில் முதல் பச்சைக்குப் போன் போட்டான். பொன்னுரங்கம். ஐம்பது வயது. நிஜ லாரியில் இருபது வருடம் போனவர். போனை ஒலிபெருக்கியில் வைத்தான்.

“ஓட்டிக்கிட்டிருக்கறன் மாப்ள, சுருக்கச் சொல்லு.”

“அண்ணா, உங்க மெஷின்ல சூடு எவ்வளவு இருக்குது?”

“கொழுப்பா? வெளிய நாப்பத்து ரெண்டு. ஏசி இல்ல. பனியனக் கழட்டிட்டு ஒக்காந்திருக்கறன்.”

“வண்டிய ஓரமா நிறுத்தறீங்களா? திரையில படம் சரியா வராம இருக்கலாம். நடுவுல சில விநாடி ஆளுங்க தெரியாமப் போயிரும்.”

“எனக்கா? கண்ணாடியாட்டம் வருது. இந்த ஊர்ல இன்னைக்குச் சந்தை. போன வாரமெல்லாம் ஹாரன் அடிச்சே கை வீங்கிப் போச்சு. இன்னைக்கு ஒருத்தனக் காணோம். வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ள பூந்துட்டானுக போல. ஜம்முன்னு போறன். வைய்யி.”

வைத்துவிட்டார்.

கோகிலவாணியும் அவனும் போனையே பார்த்தார்கள்.

அடுத்தவன் மணவாளன். இளைஞன். “நாரிண்ணா, உங்க புரோகிராம் சூப்பருங்ணா. நிறுத்தறதா? என்னங்ணா வெளயாடறீங்களா, ரெண்டு புள்ளி வச்சுருக்கறன். ரோடு பாருங்க, ரன்வே மாதிரி கெடக்குது.”

மூன்றாவது சங்கமித்திரை. புதிதாகச் சேர்ந்தவள். கேமரா எந்த ஊரைக் காட்டுகிறது என்று அவன் கேட்டான். விஜயவாடா தாண்டி ஒரு ஊர் என்றாள்.

“பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குதுங்ணா, சம்மர் கிளாஸ் விடற நேரம். பயந்துக்கிட்டே வந்தன். நல்லவேளை, இன்னைக்கு லீவு போலங்ணா. ஒரு குழந்தைகூட ரோட்டுல இல்ல.”

“எத்தன ஸ்பீடும்மா?”

“நாப்பதுதாங்ணா.”

“இருபதுக்கு வா. ஹாரன விடாம அடி. ஏன்னு கேக்காத. இப்பவே.”

“சரிங்ணா,” என்றாள் பயந்துபோய். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அது யார் காதில் விழுகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுப் பட்டியலில் மீதிப் பச்சைகளை எண்ணினான். இன்னும் தொண்ணூற்று மூன்று பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் சந்தை கலைந்துவிடும். பள்ளிக்கூடம் காலியாகிவிடும்.

“ஒரே நேரத்துல நிறுத்தினா பின்னாடி வர்ற வண்டி வந்து மோதாதா?” என்றாள் கோகிலவாணி. அவள் குரல் மாறியிருந்தது.

“மெதுவாத்தான் ஓரங்கட்டும். அதுக்கு லேப்டாப் வேண்டாம், வண்டியில இருக்கற சென்சாரே பாத்துக்கும். இண்டிகேட்டர் போட்டு, வேகம் கொறைச்சு, எடம் பாத்து நிக்கும். அந்த ஒரு வேலைய ஒழுங்காச் செய்யறாப்பலதான் அத எழுதியிருக்கறாங்க.”

“எத்தன வண்டி நிக்கும்?”

“இப்பச் சூடா இருக்கற மெஷின் மட்டும். பத்து. மிஞ்சினாப் பதினஞ்சு.”

அவள் டிராகன் மேலிருந்து கையை எடுத்தாள். மூடியைத் திறந்து லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“மொதல்ல இதுல இருக்கற அடைப்ப எடு.”

“உங்களுக்குப் புள்ளி…”

“எடுன்னா எடு.”

எடுத்தான். பிறகு மேசைக் கம்ப்யூட்டருக்குத் திரும்பினான். ‘அனைத்துக்கும் அனுப்பு’ என்ற பொத்தான் திரையின் அடியில் இருந்தது. மின்விசிறி வேகத்தைச் சரிசெய்ய ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறான். யோசித்தான். இந்த முறை அவனே யோசிக்க வேண்டியிருந்தது. ஏழெட்டுக் குடும்பமாவது சாயந்திரம் சீட் இல்லாமல் நிற்கும். அவர்களில் பாதிப்பேர் மைதிலியின் காரியத்துக்கு வந்து பந்தலில் நின்றவர்கள்.

அழுத்தினான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பச்சை மஞ்சளானது. மஞ்சள் என்றால் ஓரங்கட்டுகிறது. பிறகு மூன்று. ஒன்பது. கோகிலவாணி விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினைந்தைத் தாண்டியது. இருபது. நின்றுவிடும் என்று இருவரும் காத்திருந்தார்கள். முப்பத்து நாலு. அவள் எண்ணுவதை விட்டாள்.

நாக்பூர்ச் சாலையில், ஹைதராபாத் வெளிவட்டத்தில், கிருஷ்ணா பாலத்துக்கு இந்தப் பக்கம், சோலாப்பூர் தாண்டி, லாரிகள் ஒவ்வொன்றாக இடது இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மண்ணில் இறங்கி நின்றன. ஐந்து நிமிடத்தில் அறுபத்தொன்று. நின்ற ஒவ்வொன்றும் அந்த விநாடி வரை பாதிக் கண்ணோடு ஓடியது. தொண்ணூற்றாறில் அறுபத்தொன்று.

போன் அடித்தது. மணவாளன். கெட்ட வார்த்தையிலேயே தொடங்கினான். அர்த்தநாரி முழுக்கக் கேட்டான். “ஆமாப்பா, நான்தான் பண்ணுனன்,” என்றான். அடுத்த போன். அதற்கடுத்து. ஒருவர் கடைக்கு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். கோகிலவாணி தன் போனையும் எடுத்து மேசையில் வைத்தாள். அதுவும் அடிக்கத் தொடங்கியது. அவள் ஒன்றை எடுத்து, “நான் கோகிலா பேசறன். நேத்து எனக்கு நடந்ததச் சொல்றன், கேட்டுட்டுத் திட்டு,” என்றாள்.

சங்கமித்திரை போன் போட்டாள். “லீவு இல்லீங்ணா,” என்றாள். பின்னால் ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வண்டி நின்ற பிறகும் ஹாரனிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?” என்று அவன் கேட்டான். “இல்லீங்ணா,” என்றாள். அதற்குப் பிறகு அழுகைதான்.

வாசலில் பைக்குகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேசையில் போன் மறுபடி அடித்தது. பொன்னுரங்கம். அர்த்தநாரி வசவுக்குத் தயாராகிக் காதில் வைத்தான்.

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது.

“அண்ணா?”

“வண்டி நின்னுருச்சு மாப்ள.”

“தெரியுங்ணா. நான்தான்…”

“அத விடு.” பொன்னுரங்கம் ரகசியம் பேசுவதுபோலப் பேசினார். வண்டி நின்றுவிட்டால் லேப்டாப் எதையும் முன்கூட்டி வரைய வேண்டியதில்லை. கேமரா பார்ப்பது அப்படியே திரைக்கு வரும். “ரெண்டு பக்கமும் சனம் மாப்ள. கடைச்சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நிக்குது. கொழந்தைங்கள இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு. கூடையெல்லாம் ரோட்டுல கெடக்குது. எல்லாரும் வண்டியவே பாக்கறாங்க. ஒருத்தரும் நகரல.”

அர்த்தநாரி போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தான்.

“மாப்ள,” என்றார் பொன்னுரங்கம். “இவங்க இவ்வளவு நேரம் எங்க இருந்தாங்க?”